கும்மிடிப்பூண்டியில் இரண்டு ஊர்

கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் முகாமில், ஊர் எது என்ற கேள்விக்கு ஒரே வீட்டில் இரு விடைகள் உண்டு. 1990 ஜூனில் இரண்டாம் ஈழப்போர் மூண்டபின் படகேறி வந்தோரை அரசு பல மாவட்டங்களுக்குப் பிரித்தனுப்பியது. சிப்காட் ஆலைகளை அடுத்துள்ள இம்முகாமும் அவ்வாண்டில் அமைந்ததே. பெற்றோருக்கு ஊர் கடலுக்கு அப்பால்; பிள்ளைகளுக்கு இதுதான்.

வீட்டில் கதைப்பவர்கள் பள்ளியில் பேசக் கற்றார்கள். வாசலுக்குள் ‘ஓம்’, வகுப்பில் ‘ஆமாம்’. மொழியே வேறாயிருந்தால் இந்த இடைவெளி நம் கண்ணில் பட்டிருக்கும். ஒரே தமிழ் என்பதால் (அந்தப் பெருமிதம் வேறு நமக்கு) நாம் கவனிக்கவேயில்லை.

1987 ஜூலை 1 முதல் இந்தியாவில் பிறந்தவர் குடியுரிமை பெற, பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்தாகவேண்டும். ஆகவே இம்முகாமில் அகதிப் பெற்றோருக்குப் பிறந்த பிள்ளை, பிறந்த மண்ணிலேயே அயலார். ஊரை நினைத்து மருகும் தாய்க்கு நினைவேனும் மிச்சம். மகனின் மனச்சோர்வுக்கு அவளறிந்த பெயரில்லை. ‘உயிரோடு இருக்கிறோமே, உனக்கென்ன குறை?’ என்பதற்கு அவனிடமும் பதிலில்லை.

2021இல் தமிழக அரசு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இடம்பெறவில்லை.