மறுநாள் வரும் நீலம்

எனக்கு முந்தைய தலைமுறை, இரண்டு புரதங்கள் ஒட்டுகின்றனவா என்று பார்க்கப் பெரும்பாலும் ஆன்டிபாடியைத்தான் நம்பியது. செல்லை உடை, ஒரு புரதத்தை ஆன்டிபாடியால் பிடித்துக் கீழே இழு, கூடவே என்ன வருகிறது என்று ஜெல்லில் பார். 1979-இல் லண்டனில் டேவிட் லேனும் லயனல் கிராஃபோர்டும் எஸ்வி40 வைரஸின் பெரிய டி ஆன்டிஜெனை இப்படி இழுத்தபோது, அழைக்காத விருந்தாளியாக இன்னொரு புரதமும் வந்து நின்றது. பிரின்ஸ்டனில் லின்சரும் லெவினும் அதே ஆண்டு அதையே கண்டார்கள். இன்று புற்றுநோய் படிக்கும் எல்லோருக்கும் தெரிந்த பி53 அதுதான். அதன் உண்மை எடை சுமார் 44 கிலோடால்டன். புரோலின் மிகுதியால் ஜெல்லில் மெதுவாக ஓடி, 53 என்று பெயர் வாங்கிவிட்டது.

ஆனால் நல்ல ஆன்டிபாடி வேண்டுமே! முயலுக்கு ஊசி போட்டு மாதக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் சீரம் எதையுமே பிடிக்காமல் போனவர்களின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

1989-இல் நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக்கில் ஸ்டான்லி ஃபீல்ட்ஸும் ஓக்-கியூ சாங்கும் வேறு வழி பிடித்தார்கள். ஈஸ்ட்டில் கேல்4 என்றொரு புரதம் உண்டு. அதன் ஒரு பகுதி டிஎன்ஏ-யில் உட்காரும், மற்றது மரபணுவை முடுக்கிவிடும். இரண்டையும் பிரிக்கலாம் என்று ஹார்வர்டில் மார்க் டாஷ்னேயின் குழு ஏற்கெனவே காட்டியிருந்தது. பிரித்த பகுதிகளில் ஆளுக்கொரு புரதத்தைக் கட்டிவிட்டால்? அந்தப் புரதங்கள் ஒட்டினால் கேல்4-இன் பகுதிகளும் நெருங்கும், மரபணு வேலை செய்யும், அதைக் காட்ட எக்ஸ்-கேல் என்ற வேதிப்பொருள் நீலமாகும். சேர்ந்திருப்பதாக முன்பே தெரிந்த எஸ்என்எஃப்1, எஸ்என்எஃப்4 ஜோடியில்தான் முதலில் சோதித்தார்கள். விடை தெரிந்த கணக்கில் தொடங்கியது புத்திசாலித்தனம்.

இந்த முறையில் எனக்குப் பிடித்தது அதன் ஏழ்மை. ஆன்டிபாடி வேண்டாம், புரதத்தைச் சுத்திகரிக்க வேண்டாம். 30 டிகிரி இன்குபேட்டரும் பிளேட்டுகளும் கிட்டத்தட்ட போதும். அதனால்தான் தொண்ணூறுகளில் எங்களுடையதைப் போன்ற சிறிய ஆய்வுக்கூடங்களிலும் ஈஸ்ட் வாசனை நிரம்பியது. காலனிகள் மேல் வடிதாளை ஒற்றி எடுத்து, திரவ நைட்ரஜனில் முக்கி, எக்ஸ்-கேலில் நனைத்த இன்னொரு தாளின் மேல் வைப்போம். வலுவான ஜோடி அரை மணி நேரத்தில் நீலம் காட்டிவிடும். ராத்திரி முழுக்க விட்டால் கண்டதெல்லாம் நீலம்தான். "காலையில வர்ற நீலத்தை நோட்ல எழுதாதே" என்பது எங்கள் சீனியர் அக்காவின் சட்டம். வெப்ப அதிர்ச்சிப் புரதங்களும் ரைபோசோம் புரதங்களும் யாரோடு வேண்டுமானாலும் ஒட்டி எங்கள் வாரங்களைத் தின்றன. அதைவிடப் பெரிய சிக்கல், செல்லின் வெவ்வேறு மூலைகளில் வாழும் புரதங்களையும் இந்த முறை ஒரே உட்கருவுக்குள் தள்ளிவிடுகிறது. ஒட்ட முடியும் என்று நீலம் சொல்லும். உயிருள்ள செல்லில் அவை சந்திக்கின்றனவா என்று சொல்லாது.

2000-இல் ஈஸ்ட்டின் ஏறக்குறைய 6,000 புரதங்களையும் அலசி யூட்ஸ் குழு 957 தொடர்புகளை வெளியிட்டது. மறு ஆண்டு ஜப்பானின் இட்டோ குழு 4,549 என்றது. இரண்டு பட்டியலிலும் பொதுவாக இருந்தவை சொற்பம். அதற்குள் ஹைடல்பெர்கில் செராஃபின் குழு, புரதத்தில் ஒரு வாலை ஒட்டி இரண்டு கட்டமாகக் கழுவி இழுக்கும் முறையைக் கொண்டுவந்திருந்தது. ஒவ்வொரு புரதத்துக்கும் தனி ஆன்டிபாடி தேடும் தொல்லை போயிற்று. 2002-இல் எல்லா முறைகளின் பட்டியல்களையும் ஒப்பிட்டபோது, சுமார் 80,000 தொடர்புகளில் ஏறத்தாழ 2,400-க்குத்தான் ஒன்றுக்கு மேற்பட்ட முறையின் ஆதரவு இருந்தது. மீதியெல்லாம் பொய் என்று சிலர் ஏளனம் செய்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கணநேரம் தொட்டு விலகும் ஜோடிகள் கழுவும்போதே போய்விடும், அவற்றை ஈஸ்ட் பிடிக்கும். பல புரதங்கள் கூடினால்தான் நிற்கும் கூட்டங்களை ஈஸ்ட் பெரும்பாலும் கோட்டைவிடும், வால் இழுத்து வரும்.