பண்பாட்டு மாற்றமும் எச்.ஐ.வி. அபாயமும்: வட்டக்கோட்டையை முன்வைத்து

திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மர் காலத்தில், அவரது படைத்தளபதி டி லனாய் மேற்பார்வையில் எழுந்தது குமரி மாவட்டத்து வட்டக்கோட்டை. அதன் கடலோர மதிலில் விடுமுறை மாலைகளில் இளஞ்சோடிகள் அமர்ந்திருக்கிறார்கள். ‘பண்பாடு கெட்டுப்போச்சு, எய்ட்ஸ் வராம என்ன செய்யும்?’ என்று பெரியவர்கள் அங்கலாய்ப்பதுண்டு. தமிழகத்தின் நோய் வரலாறு இந்தக் கூற்றை ஏற்கவில்லை.

1986இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தனர். ரத்த மாதிரிகள் பாலியல் தொழிலில் இருந்த பெண்களுடையவை. ‘ஒழுக்கம் தவறியோர் நோய்’ என்ற முத்திரை அன்றே விழுந்துவிட்டது. ஆனால் 1990களில் சென்னையில் சிகிச்சைக்கு வந்த தொற்றுள்ள பெண்களை ஆராய்ந்தபோது, பெரும்பாலோர் கணவரைத் தவிர வேறு ஆணை அறியாத இல்லத்தரசிகள் என்று தெரிந்தது. மரபு காக்கும் என்று நம்பிய திருமணத்தின் வழியாகவே நோய் வீட்டுக்குள் வந்தது.

இன்னொரு சான்று இதைவிட வலுவானது. தென்மாநிலங்களில் 15 முதல் 24 வயதுவரையிலான கர்ப்பிணிகளிடம் தொற்று 2000இல் 1.7 விழுக்காடாக இருந்து 2004இல் 1.1 ஆகக் குறைந்ததை 2006இல் லான்செட் இதழ் வெளியிட்டது. கேபிள் டிவி வீடுவீடாகப் புகுந்து, செல்போனும் பரவத் தொடங்கிய ஆண்டுகள் அவை. பண்பாடு பழைய நிலைக்குத் திரும்பவில்லை. தொற்று மட்டும் இறங்கியது. ஆணுறை பரவியதும், ‘புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?’ என்று 2003இல் அரசே விழிப்புணர்வு விளம்பரத்தில் சுவர்தோறும் வெளிப்படையாகக் கேட்டதும் அக்காலத்தில்தான். கூச்சப்பட்டவர்களும் அதைப் பற்றிப் பேசினார்கள்.

குமரி மாவட்டத்தில் மாற்றம் மெய்யானது. பெண்கள் கல்லூரி முடித்தே மணம் முடிக்கிறார்கள். பையன்கள் வளைகுடாவுக்கும், வாரக்கணக்கில் ஆழ்கடலுக்கும் போகிறார்கள். பருவமடைதலுக்கும் திருமணத்துக்கும் இடைப்பட்ட ஆண்டுகள் நீண்டுவிட்டன. அந்த ஆண்டுகளில் அவர்களோடு யாரும் பேசாதிருப்பதே அபாயம். 2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவோடு மாநிலத்தில் முதலிடம் பெற்ற மாவட்டம் இது. ஆயினும் எழுத்தறிவு வேறு, நோய் பற்றிய அறிவு வேறு. நாட்டளவில் எச்.ஐ.வி. பற்றி முழுமையாக அறிந்தவர்கள் பெண்களில் 22, ஆண்களில் 31 விழுக்காடுதான் என்கிறது ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வு. இனப்பெருக்கப் பாடத்தை ‘வீட்ல போய்ப் படிச்சுக்கோங்க’ என்று தாண்டும் வகுப்பறைக்கும் இதில் பங்குண்டு.

எய்ட்ஸ் விழிப்புணர்வுக்கான செஞ்சுருள் சங்கங்கள் கல்லூரிகளில் இயங்குகின்றன. பள்ளியோடு படிப்பை நிறுத்திச் சின்னமுட்டம் மீன்பிடித் துறைமுகத்தில் படகேறும் பையனுக்கு அவை எட்டா. பதினேழு வயதில் சந்தேகம் வந்தாலோ, பரிசோதனைக்குப் பெற்றோர் அல்லது காப்பாளர் ஒப்புதல் வேண்டும். யாருக்கு அஞ்சி ஒளிக்கிறானோ அவரிடமே கையெழுத்துக் கேட்கச் சொல்கிறோம். இவ்விதியைத் தளர்த்தியாக வேண்டும்.

அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் பரிசோதனை இலவசம். ஒருவரது தொற்று நிலையை அவர் ஒப்புதலின்றி வெளியிடுவதை 2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் தடுக்கிறது. ஆசிரியர்கள் இந்த இரண்டையும் பிளஸ் டூ வகுப்பிலேயே, பையன்களும் பெண்களும் சேர்ந்திருக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.