சாயம், ஆறு, தொட்டி: பாதுகாப்பு யாருக்கு?



1928இல் பம்பாய் பஞ்சாலைத் தொழிலாளர்கள் பெரும் வேலைநிறுத்தம் செய்தபோது அண்ணல் அம்பேத்கர் தொழிற்சங்கத் தலைவர்களிடம் ஒரு கேள்வியை வைத்தார். கூலி அதிகம் கிடைக்கும் நெசவுப் பகுதியில் தீண்டப்படாதோருக்கு ஏன் இடமில்லை? நாடாவில் நூல் கோக்க வாயால் உறிஞ்ச வேண்டும். தீண்டப்படாதவரின் எச்சில் பட்ட நாடாவைத் தொட மற்றவர்கள் மறுத்தார்கள். காரணம் அவ்வளவுதான். ஆலைக்குள் இயந்திரம் வந்தபோது சாதியும் கூடவே வந்தது.

துணித்தொழிலின் ரசாயனப் பாதுகாப்பு பற்றிப் பேசும்போதும் நாம் அங்கிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. எந்த வேலை யாருக்கு ஒதுக்கப்படுகிறது? பாதுகாப்பு யாரை எட்டுகிறது?

முதலில் அது உடுத்துபவரை எட்டியது. செயற்கைச் சாய ஆலைத் தொழிலாளர்களுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டிகள் வருவதை ஜெர்மன் அறுவை மருத்துவர் லுட்விக் ரென் 1895லேயே அறிவித்தார். உடைந்து புற்றுநோய் உண்டாக்கும் அமின்களாக மாறும் அசோ சாயங்களுக்கு ஜெர்மனி 1994இல் தடை விதித்தது. அது தோலில் படும் துணிக்கான தடை. ஏற்றுமதிச் சந்தை ஆட்டம் கண்ட பிறகு, 1997இல் இந்தியா 70 அசோ சாயங்களைத் தடை செய்தது. சாயம் கலக்கும் தொழிலாளிக்கும் இதனால் நன்மை உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் தொழிலாளியின் உடம்பில் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே தெரிந்த ஆபத்து, வாங்குபவரின் தோலைத் தொட்ட பிறகே இந்த 70 சாயங்களுக்கான தடையாக நம் ஊர்ப் பட்டறைகளுக்கு வந்தது.

அடுத்து பாதுகாப்பு நிலத்தை எட்டியது. திருப்பூரின் பனியன் ஏற்றுமதி வளர வளர நொய்யலில் சாயக்கழிவு ஓடியது. பருத்தியில் ரியாக்டிவ் சாயம் ஏற உப்பு வேண்டும். அந்த உப்பு துணியில் தங்காது, கழிவுநீரோடு வெளியேறிவிடும். பாசனத்துக்காக 1992இல் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை அந்த உப்புநீரைத் தேக்கும் குளமானது. 2003இல் நொய்யல் ஆயக்கட்டுதாரர்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2006இல் உயர் நீதிமன்றமும் 2009இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தும் கழிவு நிற்கவில்லை. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட உத்தரவு வந்தது. கழிவுநீரை வடிகட்டி, மிச்சத்தைக் காய்ச்சி, நீரையும் உப்பையும் திரும்பப் பயன்படுத்தும் முறை அதன் பிறகே பரவலாக ஊன்றியது.

இது விவசாயிகள் போராடிப் பெற்ற வெற்றி. ஆனால் இழப்பீட்டுக்கு அளவுகோல் நிலப்பரப்பு. அந்த வயல்களில் களையெடுத்தும் அறுத்தும் பிழைத்த நிலமற்ற கூலிகளுக்கு, அவர்களில் ஏராளமான அருந்ததியர்களுக்கு, ஆயக்கட்டும் இல்லை, பட்டாவும் இல்லை. நிலம் உப்பானபோது அவர்கள் இழந்த கூலி எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

ஆற்றுக்குப் போகாத கழிவு தொட்டிக்குப் போகிறது. சாயத்துக்குப் பயன்படும் உப்புகளில் ஒன்று சோடியம் சல்பேட். காற்றுப் புகாத கசடில் நுண்ணுயிர்கள் சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாக மாற்றுகின்றன. காற்றைவிடக் கனமான அந்த வாயு அடியில் தங்கும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. இறங்கியவர் விழுவார். தூக்கப் போனவரும் விழுவார். 2025 மே மாதம் பல்லடம் அருகே கரைப்புதூரில் ஒரு சாயப்பட்டறையின் கழிவுத் தொட்டி மூன்று தொழிலாளர்களின் உயிரைக் குடித்தது.

சட்டம் இல்லாமல் இல்லை. வாயுவைச் சோதித்து எழுத்தில் சான்று தராமல், அல்லது சுவாசக் கருவியும் வெளியே ஒருவர் பிடித்திருக்கும் கயிறும் இல்லாமல், யாரையும் தொட்டிக்குள் அனுப்பக் கூடாது என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36ஆம் பிரிவே சொன்னது. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் சாக்கடையையும் மலக்குழியையும் பெயர் சொல்லிக் குறிக்கிறது. சாயக்கழிவுத் தொட்டியின் பெயர் அதில் இல்லை. தொட்டி கழுவ வருபவரோ ஒரு நாள் கூலிக்கு ஒப்பந்தக்காரர் அழைத்து வந்தவர். ஆலையின் பதிவேட்டிலும் அவர் பெயர் இருப்பதில்லை. இந்த வேலைக்கு ஆள் தேடுபவர்கள் எந்தத் தெருவுக்குப் போகிறார்கள் என்பது நமக்குத் தெரியும்.

ஆலைகளை மூடச் சொல்லி நாம் பேசவில்லை. பண்ணையாளின் பிள்ளைகள் பண்ணையத்தை விட்டு வெளியேறப் பனியன் கம்பெனிகளும் ஒரு வழியாக இருந்தன. அந்த வழி தொட்டியில் முடியக் கூடாது என்பதே நம் கோரிக்கை. கசடு அள்ளும் வேலை முழுக்க இயந்திரத்துக்கு மாற வேண்டும். சாயக்கழிவுத் தொட்டி 2013ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் வர வேண்டும். கழிவுநீரின் உப்பளவைக் கேட்கும் வெளிநாட்டு வணிக நிறுவனங்கள், தொட்டிக்குள் யார் இறங்கினார், யார் அனுப்பினார், வாயுவைச் சோதித்தவர் யார் என்ற பதிவேட்டையும் கேட்க வேண்டும்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. தொட்டிச் சாவுகள் பற்றிய காவல்துறைப் பதிவுகளையும் இழப்பீட்டு ஆணைகளையும் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டு வாங்குங்கள். இறந்தவரின் ஊர், சாதி, ஒப்பந்தம், கூலி எல்லாவற்றையும் பட்டியலிடுங்கள். நீதிமன்றத்தில் ஆயக்கட்டுதாரர்களிடம் பட்டா இருந்தது. நம்மிடம் அந்தப் பட்டியலாவது இருக்க வேண்டும்.