பத்து ஆண்டு தாமதித்த வெண்கலம்

2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்ஸில் தொடக்க மதிப்பை 10 என்று போடாமல் 9.9 என்று நடுவர்கள் போட்டதால், தென்கொரியாவின் யாங் டே-யங் வெண்கலத்தோடு திரும்பியதைச் சென்ற வாரம் பார்த்தோம். அந்தத் தவறு வீடியோவில் பதிவாகியிருந்தது. பிறந்த தேதியே பொய்யாக இருந்தால் அதை எந்தக் கேமராவும் காட்டாது.

அமெரிக்காவின் சான் ஹோசேயில் பிறந்தவர் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை ஏமி சௌ. 1996 அட்லாண்டாவில் அணித் தங்கமும் தனிநபர் வெள்ளியும் வென்றவர். ஸ்டான்ஃபோர்டில் படிக்கும்போதே மறுபடி பயிற்சியில் இறங்கி, 22 வயதில் சிட்னி ஒலிம்பிக்குக்குப் போனார். இந்த விளையாட்டில் அது முதிர்ந்த வயது. ருமேனியா, ரஷ்யா, சீனாவுக்கு அடுத்து அமெரிக்க அணிக்கு நான்காம் இடம்தான். மூன்றாம் இடத்துக்கும் அதற்கும் இடைவெளி 1.075 புள்ளி.

சீன அணியில் இருந்த தொங் ஃபாங்சியாவின் பிறந்த தேதி 1983 ஜனவரி 20 என்று பதிவாகியிருந்தது. போட்டி நடக்கும் ஆண்டுக்குள் 16 வயது ஆகவேண்டும் என்பது விதி. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அவரே அலுவலராகப் பணியாற்ற வந்தார். அப்போது தந்த விவரத்தில் இருந்தது 1986 ஜனவரி 23. அப்படியென்றால் சிட்னியில் அவருக்கு வயது 14!

பள்ளியில் சேர்ப்பதற்காக மாற்றி எழுதிய பிறந்த தேதியோடு வாழ்கிறவர்கள் நம் வீடுகளிலும் உண்டு. அதை இதோடு சேர்க்க முடியாது. எடை குறைந்த சிறிய உடல் காற்றில் எளிதாகச் சுழலும். பொய் சொல்பவருக்கு ஆதாயம் அங்கே. வளரும் எலும்பின் மேல் விழும் அடி அந்தச் சிறுமிக்கு.

2010 ஏப்ரல் 28இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி சீன அணியின் வெண்கலத்தைப் பறித்தது. ஆகஸ்டில் ஹார்ட்ஃபோர்டு நகரில் அது அமெரிக்க அணிக்கு வழங்கப்பட்டது. அதற்குள் சௌ குழந்தைகள் நல மருத்துவராகிவிட்டார். அதே சீன அணியின் யாங் யுன், சிட்னியில் தனக்கும் 14 வயதுதான் என்று தொலைக்காட்சியில் சொல்லியிருந்தார். ஆதாரம் போதவில்லை என்று எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். அவருடைய தனிநபர் வெண்கலம் இன்றும் அவரிடமே இருக்கிறது.

பொய்த் தேதியைப் பதிவேட்டில் ஏற்றுவது 14 வயதுப் பிள்ளையால் ஆகிற காரியமல்ல. பதக்கத்தைப் பறித்தது சரி. ஆனால் அந்தப் பிள்ளையை அரங்கில் ஏற்றிய பெரியவர்களைத்தான் முதலில் விசாரித்திருக்க வேண்டும்.

(தொடரும்)