இரும்பிலிருந்து விடுபட்ட எழுத்து: கீபோர்டு பிறந்த கதை

‘மதுரை’ என்று தமிழ் 99 என்ற விசை அமைப்பில் அடித்தால், கீபோர்டிலிருந்து கணினிக்குப் போவது எழுத்து அல்ல, எண். 14, 15, 7, 16, 21. அவ்வளவுதான். யு.எஸ்.பி. கீபோர்டுகளுக்கு உலகமெங்கும் பொதுவான எண் வரிசை இது. ஏ விசைக்கு 4, பி விசைக்கு 5 என்று போகும். 14 என்ற எண்ணை ‘கே’ என்று படிப்பதா, ‘ம’ என்று படிப்பதா என்பதைக் கணினிக்குள் இருக்கும் மென்பொருள் முடிவு செய்கிறது. கீபோர்டுக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. எந்த இடத்து விசை அமுங்கியது என்பது மட்டும்தான் தெரியும்.

கணினி கற்க வருகிறவர்களுக்கு முதல் நாளே சி.பி.யு., மானிட்டர், கீபோர்டு, மவுஸ் என்று பெயர் சொல்லிக் கொடுக்கிறோம். கீபோர்டு ஓர் உள்ளீட்டுக் கருவி என்ற ஒற்றை வரியோடு அதை விட்டுவிடுகிறோம். அந்த வரிக்குள் நூற்றைம்பது ஆண்டுக் கதை இருக்கிறது. யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரும், மதுரையில் தொடங்கிய ஒரு தொழிற்குடும்பமும் அந்தக் கதையில் வருகிறார்கள்.

அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் பத்திரிகை நடத்திய கிறிஸ்டோபர் லேதம் ஷோல்ஸ், 1868-இல் தட்டச்சுப் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். துப்பாக்கியும் தையல் இயந்திரமும் செய்துகொண்டிருந்த ரெமிங்டன் நிறுவனம் 1874-இல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கியூ, டபிள்யூ, ஈ, ஆர், டி, ஒய் என்ற வரிசை அப்போது உருவானதுதான். அச்சுக் கம்பிகள் ஒன்றோடொன்று சிக்காமல் இருக்க இப்படி அமைத்தார்கள் என்பது பலரும் சொல்லும் காரணம். தந்தி இயக்குபவர்களின் தேவைதான் காரணம் என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. 1878-இல் வந்த அடுத்த பொறியில் ஷிஃப்ட் விசை சேர்ந்தது. அதை அழுத்தினால் தாளைச் சுமக்கும் உருளை உண்மையிலேயே இடம் மாறும். இன்றைய கீபோர்டில் எதுவும் இடம் மாறுவதில்லை, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

ஆங்கிலத்துக்கு 26 எழுத்து. தமிழுக்கு 247. ஐம்பதுக்கும் குறைவான விசைகளில் இத்தனையையும் அடக்குவது எப்படி? யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் 1886-இல் பிறந்து, சிங்கப்பூரில் வேலை பார்த்த இரா. முத்தையா இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்டினார். அவர் வடிவமைத்த தமிழ்த் தட்டச்சுப் பொறியை ஜெர்மனியின் சைடல் அண்ட் நௌமன் நிறுவனம் செய்து கொடுத்தது. அவர் கண்ட வழி நகரா விசை. புள்ளியை முதலில் அடித்தால் தாள் நகராது. அடுத்து ‘ம’ அடித்தால் அதே இடத்தில் புள்ளிக்குக் கீழே விழும், ‘ம்’ ஆகிவிடும். இரும்பின் எல்லைக்குள் நின்று தமிழுக்கு வழி திறந்த அருமையான மூளை அது. ஆனால் இரும்புக்கு ஒரு விலை உண்டு. ‘ரை’ அடிக்க ஐகாரக் குறியை முதலிலும் ‘ர’வைப் பின்னாலும் அடிக்க வேண்டும். வாய் சொல்லும் வரிசை ஒன்று, விரல் அடிக்கும் வரிசை வேறு.

மதுரைப் பக்கம் ஒரு தலைமுறையே இப்படித்தான் கற்றது. தட்டச்சுப் பயிலகத்தில் சேர்ந்து, லோயர் முடித்து, ஹையர் முடித்து, அரசுத் தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கினால் தட்டச்சர் வேலைக்குப் போகலாம். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி என்று சார்பதிவாளர் அலுவலகம் இருக்கும் ஊரிலெல்லாம் பத்திரம் அடித்துக் குடும்பத்தை நடத்தியவர்களுக்கு அந்த விசை வரிசை சோறு போட்டது.

கணினி வந்தபோது விசைக்கும் அச்சுக்கும் நடுவே இருந்த இரும்புக் கம்பி போய்விட்டது. ஐ.பி.எம். நிறுவனத்தின் 1981-ஆம் ஆண்டுப் பி.சி.க்கு 83 விசை கொண்ட கீபோர்டு. அதற்குள்ளேயே ஒரு சின்னச் சில்லு, இன்டெல் 8048. இன்றைய கீபோர்டிலும் அடிப்படை அதுதான். 104 விசைக்கு 104 கம்பி இழுப்பதில்லை. தறியில் பாவும் ஊடையும் போலக் குறுக்கும் நெடுக்கும் மின்தடம் போடுகிறார்கள். 8 தடம் ஒரு பக்கம், 16 தடம் மறுபக்கம் என்றால் 24 தடத்திலேயே 128 சந்திப்பு கிடைத்துவிடும். சந்திப்புக்கு ஒரு விசை. சில்லு ஓயாமல் தடங்களைச் சுற்றிவந்து எந்தச் சந்திப்பில் மின்சாரம் பாய்கிறது என்று பார்க்கிறது. அமுங்கும் உலோகம் ஒரே தொடுதலில் நிற்காது, மில்லி விநாடிக் கணக்கில் துள்ளும். அந்தத் துள்ளலை ஒரே அழுத்தமாக எண்ணுவதும் சில்லின் பொறுப்பு. பிறகு எண்ணை அனுப்புகிறது. பழைய கணினிகளில் ஊதா நிற வட்டத் துளை வழியாக, இப்போது யு.எஸ்.பி. வழியாக அல்லது கம்பியே இல்லாமல்.

இங்கே மதுரை வருகிறது. டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911-இல் மதுரையில் தொடங்கிய நிறுவனம் பேருந்து, லாரி, உதிரிபாகம் என்று வளர்ந்தது. அந்தக் குடும்பத்தின் டி.வி.எஸ். எலெக்ட்ரானிக்ஸ் பின்னாளில் சென்னையை மையமாக வைத்துப் பிரின்டரும் கீபோர்டும் விற்றது. ‘டி.வி.எஸ். கோல்டு’ கீபோர்டின் ‘டக்’கென்ற ஒலியை வங்கிக் கவுன்டரில் நின்ற பலரும் கேட்டிருப்பார்கள். அதில் நெடுங்காலம் இருந்தது ஜெர்மனியின் செர்ரி நிறுவனத்து நீல சுவிட்சு. ஒரு விசை மூடியை மெல்லக் கழற்றிப் பாருங்கள். கூட்டல் குறி வடிவ முனையோடு நீலத் தண்டு தெரியும். சுவிட்சையும் பிரித்தால், தண்டைச் சுற்றி ஒரு வெள்ளைத் துண்டு, கீழே சுருள்வில், பக்கத்தில் ஒரு ஜோடி உலோகத் தகடு. தண்டு மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கும். ஏறக்குறைய பாதி வழியில் வெள்ளைத் துண்டு சட்டென்று கீழே பாய்ந்து ஒலி எழுப்பும், தகடுகளும் தொட்டுக்கொள்ளும். அடியாழம் வரை அமுக்காமலே எழுத்து விழுந்தது என்று விரலுக்கும் காதுக்கும் தெரிந்துவிடும். நாளெல்லாம் அடிக்கிறவர்களுக்கு இது பெரிய உதவி. விலை குறைந்த கீபோர்டுகளில் ரப்பர்க் குமிழும் பிளாஸ்டிக் தாளும்தான் இருக்கும். அவை எளிய வேலைக்குப் போதும்.

2010 ஜூலையில் மத்திய அரசு ரூபாய்க் குறியை ஏற்றது. அதை வரைந்தவர் கள்ளக்குறிச்சியைச் சேர்ந்த உதயகுமார். சில வாரங்களிலேயே அந்தக் குறி பொறித்த கீபோர்டை டி.வி.எஸ். எலெக்ட்ரானிக்ஸ் கொண்டுவந்தது.

ஆனால் தமிழுக்குக் கிடைத்த பெரிய வரம் அதற்கும் பதினோராண்டு முந்தையது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி, மு. ஆனந்தகிருஷ்ணன் போன்றோரின் முயற்சியில் உருவானது தமிழ் 99. விசைக்கும் எழுத்துக்கும் இனி இரும்புத் தொடர்பு இல்லை என்பதால், தமிழின் இயல்பை ஒட்டியே வரிசையை அமைக்க முடிந்தது. உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்யெழுத்துகளில் பெரும்பாலானவை வலக்கைக்கு. அடிக்கடி வரும் க, ப, ம, த, ந, ய ஆகியவை விரல் தங்கும் நடு வரிசையில். ம, த, உ, ர, ஐ என்று ஐந்து அடித்தால் மதுரை. வாய் சொல்லும் வரிசையே விரலின் வரிசை. ம, ல, ல, இ என்று அடித்தால் மல்லி. ஒரே எழுத்து இரட்டித்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக வந்துவிடும். ப, ந, த, உ அடித்தால் பந்து. ‘ந’வுக்குப் பின் ‘த’ வந்தால் நடுவில் புள்ளி உண்டு என்பது தமிழ் 99 மென்பொருளுக்குத் தெரியும். நன்னூல் படித்தவர் வடிவமைத்தது போல இருக்கிறது.

இன்று பெரும்பாலானோர் ஆங்கில எழுத்தில் ஒலியை அடித்துத் தமிழாக மாற்றுகிறார்கள். ‘மதுரை’க்கு எட்டு விசை, ‘வாழ்க்கை’க்கு ஒன்பது. தமிழ் 99-இல் ஐந்தும் ஏழும். விசை மிச்சமாவதைவிட முக்கியமானது, தமிழை நினைக்கும்போது தமிழாகவே நினைக்க முடிவது. ஆங்கில எழுத்தைக் கடந்துதான் தாய்மொழிக்கு வரவேண்டும் என்ற கட்டாயம் நம் பிள்ளைகளுக்கு வேண்டாம்.

கணினி வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களே, கீபோர்டைப் பற்றிச் சொல்லும் அந்த முதல் வாரத்திலேயே தமிழ் 99-ஐயும் சொல்லிக்கொடுங்கள். விண்டோஸ், மேக், ஐபோன் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. அமைப்பில் ஒருமுறை தேர்ந்தெடுத்தால் போதும். காசு கொடுத்து எதையும் வாங்க வேண்டியதில்லை, புதுக் கீபோர்டும் தேவையில்லை.