அரைக் கொத்து அரிசியும் கோதுமை ரொட்டியும்: தலவாக்கலைத் தோட்டங்களில் வாரச் செலவின் வரலாறு

மலையகத் தமிழரின் வரலாறு பெரும்பாலும் சட்டங்கள், உடன்படிக்கைகள், தேர்தல்கள் ஆகியவற்றை அடியொற்றியே எழுதப்பட்டு வந்துள்ளது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும் 1964ஆம் ஆண்டின் சிறீமா–சாஸ்திரி உடன்படிக்கையும் பெற்ற கவனத்தை லயக் காம்பராவின் அடுப்பு பெற்றதில்லை. கணவன், மனைவி, இரு பிள்ளைகள் என அமைந்த ஒரு சிறு குடும்பம் ஒரு வாரத்தை எவ்வாறு கடத்தியது என்ற வினா அற்பமானதன்று. இம்மக்களின் அரசியல் வரலாற்றிலே தோன்றும் திருப்பங்கள் பலவற்றுக்கு விடை அவ்வடுப்பின் அருகே கிடைக்கின்றது.

தலவாக்கலை இதனை ஆராய்வதற்கு ஏற்ற களமாகும். கொத்மலை ஓயாவின் இரு மருங்கும் தேயிலை சூழ்ந்த இவ்வூர், மடகொம்பரைத் தோட்டத்திற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை 1947ஆம் ஆண்டிற் பாராளுமன்றத்துக்குத் தெரிவான தொகுதியாகும். 1925ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் அமைந்துள்ள சென். கூம்ஸ் தோட்டமும் இங்கேயே உள்ளது. தேயிலைச் செடிக்கு எவ்வளவு உரம் வேண்டும் என்பது இவ்வூரிலே நுணுக்கமாக அளந்தறியப்பட்டது. கொழுந்து பறித்தவளின் உணவை அளந்தறிய அத்தகைய நிலையம் எதுவும் எழவில்லை என்பதையும் உடன் நினைத்தல் தகும்.

தோட்டங்களில் அரிசி தொடக்கம் முதலே கூலியின் ஓர் உறுப்பாக இருந்தது. தோட்ட நிருவாகம் அரிசியை வரவழைத்து, வாரந்தோறும் அளந்து கொடுத்து, அதன் விலையைச் செக்றோலிற் பற்று எழுதிக் கழித்துக்கொண்டது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்ச வேதனக் கட்டளைச் சட்டத்தின் வழி 1929ஆம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்த வேதனம், உயர்நிலத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம் என வகுக்கப்பட்டிருந்தது. ஒரு புசல் அரிசி 6 ரூபா 40 சதம் என்ற விலையை அடிப்படையாகக் கொண்டே இத்தொகை கணிக்கப்பட்டது. புசலுக்கு 32 கொத்து என்பதால், கொத்தொன்றின் விலை 20 சதமாகின்றது.

இவ்வெண்களைக் கொண்டு ஒரு வாரத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். கணவனும் மனைவியும் ஆறு நாளும் முழுப்பேர் பெற்றால் கிடைப்பது 5 ரூபா 82 சதம். மலைக்குளிரில் ஏறியிறங்கி வேலை செய்யும் இருவருக்கும் இரு சிறு பிள்ளைகளுக்கும் சுமார் பதின்மூன்று கொத்து அரிசி வேண்டும் எனக் கொண்டால், அதற்கே 2 ரூபா 60 சதம் போய்விடும். எஞ்சியதில் பருப்பு, மிளகாய், உப்பு, கருவாடு, தேங்காய், மண்ணெண்ணெய், துணி, கோவிற் செலவு, கங்காணியின் பழைய கடன் ஆகிய அனைத்தும் அடங்க வேண்டும். ஆறு நாளும் வேலை கிடைத்தது என்ற எடுகோளின் மீது எழுந்த கணக்கு இது. மழையும் காய்ச்சலும் அரைப்பேரும் இதில் இடம்பெறவில்லை. 1930களின் பொருளாதார மந்தத்தின்போது அரிசியின் விலை இறங்கியதைக் காரணங்காட்டிக் கூலியும் இறக்கப்பட்டது. அரிசி மலிந்தபோதும் அதன் நயம் அரிசி உண்டவனைச் சேரவில்லை.

கோதுமை மா தோட்டத்து அடுப்பில் நிலைகொண்டது இரண்டாம் உலகப் போரின் விளைவாகும். 1942ஆம் ஆண்டில் பர்மா யப்பானியர் வசமாகியதும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. நாடெங்கும் பங்கீட்டு முறை வந்தது. அரிசியின் இடத்தை ஓரளவு கோதுமை மா நிரப்பியது. அன்று பதிலியாக வந்த ரொட்டி பின்னர் விலகவேயில்லை. விடியற்காலையிற் பிரட்டுக்களத்துக்குச் செல்ல வேண்டிய பெண்ணுக்கு அது உலை வைக்கும் நேரத்தை மிச்சப்படுத்தியது. மலைக்குக் கட்டிக்கொண்டு போகவும் ஏற்றதாயிருந்தது. காலையில் ரொட்டியும் இடித்த சம்பலும் சாயத் தண்ணீரும், நண்பகலில் அதே ரொட்டி, இரவில் மட்டும் சோறு என்ற ஒழுங்கு இவ்வாறே உருவாயிற்று. சீனியைத் தேநீரிற் கரைக்காது உள்ளங்கையில் வைத்து நக்கிக் குடிக்கும் வழக்கமும் சிக்கனத்தின் பாற்பட்டதே.

சிக்கனத்தின் வேறு சில கூறுகளும் நோக்கற்பாலன. மாதத்துக்கு ஒரு முறை வரும் சம்பளமும் நாள்தோறும் எழும் பசியும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. அவ்விடைவெளியைத் தலவாக்கலைக் கடைவீதியின் கடன் கொப்பி நிரப்பியது. கடனுக்கு வாங்குபவர் விலை பேச இயலாது என்பதால், ஏழையின் பருப்பு பணமுள்ளோரின் பருப்பை விட விலை கூடியதாயிற்று. தேங்காயும் பலாவும் இவ்வுயரத்தில் விளைவதில்லை. கீழே கொத்மலைப் பள்ளத்தாக்கின் சிங்களக் கிராமங்களிலிருந்தே அவை வந்தன. லயத்துக் கோடியில் இரண்டு பாத்தி கோவாவோ உருளைக்கிழங்கோ இட்டவர்களும், மாடொன்று வைத்திருந்தவர்களும் சற்றுத் தாங்கி நின்றனர். ஆயினும் அந்த மண் தோட்டத்துக்கே உரியது. துரை சொன்னால் பாத்தியைக் கைவிட வேண்டும். சோறு இறக்கியதும் முதலில் ஆணும் அடுத்துப் பிள்ளைகளும் உண்ண, பானையில் எஞ்சியதே பெண்ணுக்கு ஆயிற்று. அவளது சம்பளத்தையும் பல வேளைகளிற் கணவனே கைநீட்டி வாங்கினான். வாரச் செலவைக் கட்டிக் காத்தவளிடம் காசு இருக்கவில்லை.

அரிசியின் விலை அரசுகளை அசைத்த நாடு இலங்கை. பங்கீட்டு அரிசியின் விலை கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக்கப்பட்டதே 1953 ஆகஸ்ட் 12ஆம் திகதிய ஹர்த்தாலுக்கு வழிகோலியது. அவ்வாண்டிலேயே பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி துறந்தார். 1970ஆம் ஆண்டுத் தேர்தலில் சந்திரனிலிருந்தாவது இரண்டு கொத்து அரிசி கொண்டுவரப்படும் என்ற பேச்சு மேடைதோறும் ஒலித்தது. வாக்குரிமையற்ற தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோருக்கு அந்தச் சந்தையில் விற்க எதுவும் இருக்கவில்லை.

இதன் கொடிய விளைவு 1973–75 காலத்தில் வெளிப்பட்டது. 1972ஆம் ஆண்டிற் சோவியத் ஒன்றியம் பெருந்தொகைக் கோதுமையைக் கொள்வனவு செய்ததும், 1973இல் எண்ணெய் விலை பாய்ந்து உயர்ந்ததும், உலகெங்கும் தானிய விலையை ஏற்றின. தேயிலையை விற்று உணவு வாங்கிய இலங்கையின் அந்நியச் செலாவணி அதற்கு ஈடுகொடுக்கவில்லை. இலவச அரிசி வாரத்துக்கு ஒரு கொத்திலிருந்து அரைக் கொத்தாகக் குறைக்கப்பட்டது. மாவும் சீனியும் விலையேறின. மாவட்டம் விட்டு மாவட்டம் அரிசி கொண்டுசெல்வதும் தடை செய்யப்பட்டது. கிராமத்தவரிடம் மரவள்ளி நட ஒரு துண்டு நிலமாவது இருந்தது. தோட்டத்தவரோ கடைக்கு வரும் மாவையே முற்றாக நம்பியிருந்தனர். அதே வேளையிற் பல தோட்டங்களில் வேலை வாரத்துக்கு மூன்று நான்கு நாளாகச் சுருங்கியது. விலை ஏறவும் பேர் குறையவும் நேர்ந்தபோது வாரக் கணக்கு முறிந்தது. 1974ஆம் ஆண்டில் தோட்டங்களிற் சிசு மரண வீதம் நாட்டின் சராசரியை விட இருமடங்குக்கும் மேலாகியது. பட்டினியால் மலையை விட்டு இறங்கியோர் பட்டணங்களிற் கையேந்தினர். பலர் வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளின் காடுகளை நாடிச் சென்றனர். இந்தியா செல்ல விண்ணப்பித்துத் தயங்கி நின்ற குடும்பங்கள் பல இக்காலத்திலேயே பெட்டி கட்டின. தலவாக்கலைப் புகையிரத நிலையத்தில் நிகழ்ந்த பிரிவுகளுக்கு உடன்படிக்கை மட்டுமே காரணம் எனக் கூறுதல் பொருந்தாது.

நிலத்துக்கும் சோற்றுக்கும் உள்ள இத்தொடர்பை மனங்கொண்டே 1977 மே மாத நிகழ்வையும் நோக்க வேண்டும். தேசியமயமாக்கப்பட்ட தோட்டக் காணிகளைப் பகிர்ந்தளிக்கும் முயற்சிக்கு எதிராகத் தலவாக்கலைத் தொழிலாளர் திரண்டபோது, டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் என்னும் இளைஞர் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். தேயிலை நிலம் போனால் பேரும் போகும், பேர் போனால் மாவும் போகும் என்பதை மூன்றாண்டுகளுக்கு முன்னரே அம்மக்கள் கண்டிருந்தனர்.

1979ஆம் ஆண்டில் பங்கீட்டு முறைக்குப் பதிலாக உணவு முத்திரைத் திட்டம் வந்தது. மாத வருமானம் 300 ரூபாவுக்குக் குறைந்த குடும்பங்களே அதற்கு உரியன எனப்பட்டது. கிராமத்துக் கூலியாளின் வருமானம் அவன் வாய்மொழி. தோட்டத் தொழிலாளியின் வருமானம் செக்றோலில் சதக்கணக்காக எழுதப்பட்டிருந்தது. இருவர் மூவர் உழைத்த வீடுகள் ஏட்டின்படி எல்லையைத் தாண்டியமையால் முத்திரைக்கு வெளியே நின்றன. 1984ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின் பின்னர் ஆண், பெண் சம்பளம் சமமாக்கப்பட்டது. 43 சதத்துக்கும் 54 சதத்துக்கும் இடைப்பட்ட அந்த 11 சதத்தின் கதை முடிவதற்கு ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றன.

2021ஆம் ஆண்டில் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாக்கப்பட்டது. மறு ஆண்டிலேயே, நாட்டைத் தாக்கிய பொருளாதார நெருக்கடியிற் கோதுமை மாவின் விலை பன்மடங்காகியது. லயங்களில் ரொட்டியின் எண்ணிக்கை மீண்டும் எண்ணப்பட்டது.