பீகார் சைக்கிள் திட்டம்: 2,000 ரூபாய் எதை மாற்றியது?

நம்ம ஊரில் பிளஸ் ஒன் மாணவர்களுக்கு அரசு சைக்கிளையே கொடுக்குது. பீகார் பணமாகக் கொடுத்தது. 2006-ல் நிதிஷ் குமார் அரசு, ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்குச் சைக்கிள் வாங்க 2,000 ரூபாய் தந்தது.

பலன் என்ன? பொருளாதார ஆய்வாளர்கள் கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும், 2000 வரை பீகாரோடு இருந்த ஜார்க்கண்டுடன் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் மாணவிகள் சேர்க்கை 32% கூடியிருந்தது. ஆண், பெண் இடைவெளி 40% குறைந்திருந்தது. பள்ளி 3 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருந்த ஊர்களில்தான் மாற்றம் அதிகம். தூரம்தாங்க பிரச்சினை.

32% மட்டும் பார்த்துட்டு நிறுத்திடாதீங்க. பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிய மாணவிகள் 18% கூடினார்கள். தேர்ச்சி பெற்றவர்கள் 12% தான். சேர்க்கை ஏறிய அளவுக்குத் தேர்ச்சி ஏறவில்லை. அதைச் சரிசெய்ய ஆசிரியர் நியமனத்துக்குப் பணம் வேண்டும். அது சைக்கிள் மாதிரி ஒருமுறைச் செலவு அல்ல, மாதாமாதம் சம்பளம்.